வங்கிக் கணக்கை மாற்றிய பிறகு வீட்டுக்கடன் தவணை இரண்டு முறை போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வங்கிக் கணக்கை மாற்றிய முதல் ஓரிரு மாதங்களில் வீட்டுக்கடன் தவணை ஒன்றுக்கு இரண்டாகப் போய்விடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். மோசடியோ என்று உடனே பதற வேண்டாம். பழைய கணக்கில் கொடுத்திருந்த உத்தரவும் புதிய கணக்கில் கொடுத்த உத்தரவும் ஒரே மாதத்தில் நடப்பில் இருந்திருக்கும்; பெரும்பாலும் இதுதான் காரணம். ஆனாலும் தவணை சின்னத் தொகை இல்லை. அது இரண்டு தடவை போனால் அந்த மாதக் குடும்பச் செலவே தடுமாறும். கை பதறி எதையாவது செய்யத் தோன்றும். உண்மையான சிக்கல் பல சமயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது: வங்கியில் ஒரு புகார், கடன் நிறுவனத்தில் ஒரு புகார், இரண்டு பக்கமும் பணத்தைத் திருப்பிவிடுவார்கள், கடைசியில் அந்த மாதத் தவணையே கட்டவில்லை என்று ஆகிவிடும்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். அந்தப் பணத்தை நகர்த்தியது யார்?

இழுத்ததா, அனுப்பியதா

தவணை உங்கள் கணக்கிலிருந்து போவதற்கு இரண்டு வழிதான். ஒன்று, கடன் நிறுவனம் உங்கள் கணக்கிலிருந்து இழுத்துக்கொள்வது. அதற்கு நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அனுமதிக்கு இந்தியாவில் மேண்டேட் என்று பெயர். பிரிட்டனில் டைரக்ட் டெபிட். அமெரிக்காவில் ஏசிஎச் என்ற, வங்கிகளுக்கிடையே பணம் நகர்த்தும் மின்னணு முறை வழியாக நடக்கும் ஆட்டோபே இதே வகை. இரண்டாவது, உங்கள் வங்கி நீங்கள் சொன்னபடி மாதாமாதம் அனுப்பிவைப்பது. ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், ஸ்டாண்டிங் ஆர்டர், பில் பே எல்லாம் இந்த வகை.

இந்த வித்தியாசம் தெரியாமல் போன் போட்டால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். உங்கள் வங்கி அனுப்பிய பணத்தைப் பற்றிக் கடன் நிறுவனத்தில் சண்டை போட்டுப் பயனில்லை, அந்த உத்தரவு அவர்களிடம் இல்லவே இல்லை. அவர்கள் இழுத்த பணத்துக்கு வங்கியின் செயலியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தேடினாலும் கிடைக்காது.

கண்டுபிடிக்க மூன்று ஸ்டேட்மெண்ட் வேண்டும்: பழைய கணக்கு, புதிய கணக்கு, கடன் கணக்கு. மூன்றாவதைப் பலரும் எடுப்பதில்லை. உண்மை அதில்தான் இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தவணைத் தொகை வரும் வரிகளை மட்டும் பாருங்கள். உதாரணமாக இப்படி இருக்கும்:

பழைய கணக்கு, 5ஆம் தேதி: ஏசிஎச் பற்று, கடன் நிறுவனத்தின் பெயர், நீளமான ஓர் எண், 30,000.
புதிய கணக்கு, 5ஆம் தேதி: எஸ்ஐ (ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்), பெறுபவராக நீங்கள் சேர்த்த பெயர், 30,000.
கடன் கணக்கு, 5ஆம் தேதி: தவணை வரவு 30,000. 6ஆம் தேதி: இதர வரவு 30,000.

ஒரு வரியில் ஏசிஎச், நாச் (இந்தியாவில் மேண்டேட்படி பணம் இழுக்கும் மின்னணு முறை), டிடி (டைரக்ட் டெபிட்) போன்ற எழுத்துகளும் கூடவே ஒரு மேண்டேட் எண்ணும் இருந்தால் அது இழுத்தது. எஸ்ஐ, எஸ்டிஓ (ஸ்டாண்டிங் ஆர்டர்), பில்பே என்றோ, நீங்களே வைத்த செல்லப்பெயரோ இருந்தால் அது அனுப்பியது. கடன் கணக்கில் ஒன்று ‘தவணை வரவு’ என்றும் மற்றது ‘இதர வரவு’ என்றும் இருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டாவது தொகை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் துப்பு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொன்று. ‘நிலுவையில்’ என்றோ ‘பெண்டிங்’ என்றோ காட்டும் வரியை இன்னும் கணக்கில் சேர்க்காதீர்கள். சில சமயம் ஒரே பற்று பெண்டிங்காக ஒரு தடவையும் முடிந்ததாக ஒரு தடவையும் தெரிந்து, அடுத்த வேலை நாளில் ஒன்று மறைந்துவிடும். ஒன்றிரண்டு வேலை நாள் பொறுத்துப் பார்த்த பிறகும் இரண்டும் நின்றால்தான் இரட்டைப் பற்று.

அறிகுறி: இரண்டு கணக்கிலிருந்தும் கடன் நிறுவனமே இழுத்திருக்கிறது

அதிகம் பார்க்கக் கிடைப்பது இதுதான். புதிய மேண்டேட் கொடுத்தால் பழையது தானாகப் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். பல நிறுவனங்களில் அப்படி நடப்பதில்லை. புதியதைப் பதிவது ஒரு வேலை, பழையதை ரத்து செய்வது இன்னொரு வேலை. சில இடங்களில் இரண்டும் வேறு வேறு படிவம். போதாக்குறைக்கு, தவணை தேதிக்குச் சில நாள் முன்பே அந்த மாதம் இழுக்க வேண்டிய கணக்குகளின் பட்டியல் தயாராகி வங்கிகளுக்குப் போய்விடும். பட்டியல் போன பிறகு நீங்கள் ரத்து செய்தால், அந்த மாதம் பழைய கணக்கிலும் இழுத்துவிட்டுத்தான் நிற்கும்.

செய்ய வேண்டியது: கடன் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, என் கடன் எண்ணில் இப்போது எத்தனை மேண்டேட் நடப்பில் இருக்கிறது, ஒவ்வொன்றின் எண் என்ன, எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். ‘ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். புதியதையும் சேர்த்து நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. பழைய மேண்டேட்டின் எண்ணைச் சொல்லி, இதை மட்டும் ரத்து செய்யுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் நாச் மேண்டேட் ஒவ்வொன்றுக்கும் யூஎம்ஆர்என் என்ற தனி எண் உண்டு. ஸ்டேட்மெண்ட் வரியிலோ வங்கிச் செயலியின் மேண்டேட் பக்கத்திலோ அது கிடைக்கும்.

அப்புறம் அதே நாளில் பழைய வங்கியிலும் அந்த மேண்டேட்டை ரத்து செய்யுங்கள். ஒரு கை தவறினாலும் மறு கை பிடித்துக்கொள்ளும். இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் வங்கியில் மேண்டேட்டை ரத்து செய்த பிறகும் நாச் வழியே பணம் பிடிக்கப்பட்டால் பொறுப்பு அந்த வங்கிக்கே. அடுத்த வேலை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ரத்து செய்ததற்கான ரசீதோ குறுஞ்செய்தியோ கையில் இல்லாவிட்டால் இந்த உரிமையை நிலைநாட்டுவது கஷ்டம். அழித்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: மாதாமாதம் இழுக்கும் பற்றை நிறுத்தச் சொல்லி, திட்டமிட்ட தேதிக்குக் குறைந்தது 3 வேலை நாள் முன்பே உங்கள் வங்கிக்குத் தெரிவித்தால் வங்கி அதை நிறுத்தியாக வேண்டும். வாய்வார்த்தையே போதும், ஆனால் 14 நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்யும்படி வங்கி கேட்கலாம். பிரிட்டனில் டைரக்ட் டெபிட்டை வங்கியிலேயே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், கடன் நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

அறிகுறி: ஒன்று இழுத்தது, மற்றது உங்கள் வங்கி அனுப்பியது

மேலே உதாரணத்தில் காட்டியது இதுதான். கணக்கு மாற்றும்போது, புதிய மேண்டேட் பதிவாக நாளாகுமே என்று நாமே ஒரு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டு வைப்போம். பதிவு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும், அல்லது பழைய மேண்டேட் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு யார் மேலும் புகார் செய்ய வேண்டாம். அனுப்பும் உத்தரவை உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே அணைத்துவிடலாம். தவணை கட்ட இழுக்கும் வழி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம். வட்டி விகிதம் மாறும்போது தவணைத் தொகையும் மாறலாம். இழுப்பவர் புதிய தொகையை இழுப்பார். நீங்கள் போட்ட உத்தரவோ பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருக்கும். நூறோ இருநூறோ குறைந்தால்கூட அந்த மாதத் தவணை முழுதாகக் கட்டப்படவில்லை என்றுதான் பதிவாகும்.

அமெரிக்க பில் பே வசதியில் ஒரு சிக்கல் உண்டு: பெறுபவர் மின்னணு முறையில் இணைந்திருக்காவிட்டால் உங்கள் வங்கி தபாலில் காகிதக் காசோலை அனுப்பிவிடும். நீங்கள் உத்தரவை அணைத்த பிறகும் முன்பே கிளம்பிய காசோலை போய்ச் சேரும். அது இன்னும் பணமாகாமல் இருந்தால் அந்தக் காசோலைக்கு ஸ்டாப் பேமெண்ட் போட முடியும், வங்கியில் கேளுங்கள்.

அறிகுறி: பழைய கணக்கில் எதுவும் போகவில்லை, புதிய கணக்கிலேயே இரண்டு முறை போயிருக்கிறது

குழப்பமான அறிகுறி இது, ஆனால் காரணங்கள் எண்ணி மூன்றுதான்.

முதலாவது, பிரிட்டனில் கணக்கு மாற்றும் சேவையைப் பயன்படுத்தியவர்களுக்கு. கரண்ட் அக்கவுண்ட் ஸ்விட்ச் சேவை 7 வேலை நாளில் பழைய கணக்கின் டைரக்ட் டெபிட், ஸ்டாண்டிங் ஆர்டர் எல்லாவற்றையும் புதிய கணக்குக்கு நகர்த்திவிடும். பழைய கணக்கைத் தேடி வரும் பற்றுகளும் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் புதிய கணக்குக்குத் திருப்பிவிடப்படும். இது தெரியாமல் நீங்களும் கடன் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் புதிய கணக்குக்கு ஒரு டைரக்ட் டெபிட் போட்டிருந்தால், நகர்ந்து வந்த பழையதும் நீங்கள் போட்டதும் ஒரே கணக்கில் வந்து நிற்கும். செயலியில் டைரக்ட் டெபிட் பட்டியலைத் திறந்தால் கடன் நிறுவனத்தின் பெயர் இரண்டு தடவை இருக்கும். எதை நீக்குவது என்று கடன் நிறுவனத்திடம் ரெஃபரன்ஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டு நீக்குங்கள். ஊகத்தில் நீக்க வேண்டாம்.

இரண்டாவது, பவுன்ஸ் ஆன தவணை மறுபடி வந்தது. முதல் மாதம் புதிய கணக்கில் போதுமான பணம் மாற்றி வைக்காமல் பற்று திரும்பிப் போயிருக்கும். நீங்கள் பதறி இணையத்தில் தவணையைக் கட்டியிருப்பீர்கள். கடன் நிறுவனமோ சில நாள் கழித்து அதே பற்றை மறுபடி அனுப்பும். அமெரிக்க ஏசிஎச் விதிகளில் பணம் போதாமல் திரும்பிய பற்றை இன்னும் 2 தடவை வரை மறுபடி அனுப்பலாம். அப்படி வரும்போது வரியில் ‘ரீட்ரை பிஒய்எம்டி’ (RETRY PYMT) என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஸ்டேட்மெண்டில் அந்த எழுத்துகளைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பவுன்ஸ் ஆன மாதத்தில் கையால் கட்டும் முன், ‘மறுபடி இழுக்கப் போகிறீர்களா, எந்தத் தேதியில்?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் இந்த இரட்டிப்பே வராது.

மூன்றாவது, கட்டும் பக்கம் பாதியில் நின்றதும் மறுபடி அழுத்தியது. இதில் இரண்டு வரிக்கும் வேறு வேறு பரிவர்த்தனை எண் இருக்கும், நேரம் சில நிமிட வித்தியாசத்தில் இருக்கும். தீர்வு பணத்தைத் திரும்பக் கேட்பதுதான், நிறுத்த வேண்டிய உத்தரவு எதுவும் கிடையாது.

அறிகுறி: பணம் இரண்டு தடவை போனது, கடன் கணக்கில் ஒரு தடவைதான் வந்திருக்கிறது

இரண்டாவது தொகை எங்கே? வழியில் இருக்கலாம், அனுப்பிய வகை என்றால் ஓரிரு வேலை நாள் ஆகும். அதைத் தாண்டியும் வரவில்லை என்றால், கடன் எண் தவறாகப் பதிந்து யாருடைய கடனிலோ சேர்ந்திருக்கலாம். புதிய கணக்கில் பெறுபவரைச் சேர்க்கும்போது ஓர் இலக்கம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்றாவது சாத்தியம், பணம் கடன் நிறுவனத்தின் சஸ்பென்ஸ் கணக்கில் நிற்பது. இன்னதற்கு என்று தெரியாத பணத்தை அவர்கள் அங்கேதான் போட்டு வைப்பார்கள். அது உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் வட்டியையும் குறைக்காது, அசலையும் குறைக்காது. கேட்காதவரை அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் மாதாந்திர அறிக்கையிலேயே இப்படிச் சஸ்பென்ஸில் நிற்கும் தொகையைக் காட்ட வேண்டும் என்பது விதி. மற்ற இடங்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இங்கே உங்கள் ஆயுதம் பரிவர்த்தனை எண். யூடிஆர், டிரேஸ் நம்பர், ரெஃபரன்ஸ் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். ‘பணம் போயிற்று, வரவில்லை’ என்று சொன்னால் தேட முடியாது. எண்ணைக் கொடுத்து, அனுப்பிய வங்கியிடம் பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதற்கு எழுத்தில் உறுதி வாங்குங்கள். அதைக் கடன் நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

அறிகுறி: இரண்டும் வரவாகிவிட்டது, ஆனால் அடுத்த மாதமும் முழுத் தவணை கேட்கிறார்கள்

இந்த இடத்தில்தான் நல்ல மனிதர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். ‘போன மாதம் இரண்டு கட்டிவிட்டேனே, இந்த மாதம் வேண்டாம்’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கூடுதலாகப் போன பணம் தானாக அடுத்த தவணை ஆகிவிடாது. அதற்கு மூன்று கதி உண்டு. எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் கணினி தன் பழக்கப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

அசலில் கழிக்கப்படலாம். அப்படியானால் கடன் குறைந்திருக்கும், ஆனால் அடுத்த மாதத் தவணை அப்படியே நிற்கும். முன்பணமாக வைக்கப்படலாம், அப்போது அடுத்த தவணையில் சரிக்கட்டப்படும், அசல் இப்போது குறையாது. இல்லையென்றால் இதர வரவாக ஒதுங்கி நிற்கும், கேட்டால் திருப்பித் தருவார்கள்.

எதைக் கேட்பது? குடும்பச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் திருப்பிக் கேளுங்கள். தயக்கமே வேண்டாம், அது உங்கள் பணம். சமாளிக்க முடியும் என்றால் அசலில் கழிக்கச் சொல்வது லாபம். இன்னும் 18 வருடம் மீதமிருக்கும், ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டிக் கடன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடுதல் தவணை இன்று அசலில் சேர்ந்து, வட்டியும் தவணையும் அப்படியே இருந்தால், கடைசியில் ஏறக்குறைய நாலரைத் தவணை கட்ட வேண்டியிருக்காது. தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று சேர்த்தே சொல்லுங்கள். முன்கூட்டிச் செலுத்த அபராதம் உண்டா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் தனிநபர் வாங்கிய, வட்டி மாறக்கூடிய வீட்டுக்கடனுக்கு அந்த அபராதம் கிடையாது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

முன்பணமாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுக்கு வட்டி மிச்சமில்லை, கையில் பணமும் இல்லை. அதோடு, அடுத்த மாதம் ஆட்டோ டெபிட் அதைக் கவனிக்காமல் மறுபடி முழுத் தொகையை இழுக்கும் வாய்ப்பும் இருக்கிறது.

முடிவு எதுவானாலும், எழுத்தில் பதில் வரும்வரை அடுத்த தவணையை நேரத்துக்குக் கட்டிவிடுங்கள். கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் கூடுதலாக நிற்கும் பணம் திரும்பி வந்துவிடும்; தவணை தவறியது என்று கிரெடிட் அறிக்கையில் விழுந்த வரியை எடுப்பது அதைவிடப் பெரிய பாடு.

அறிகுறி: வங்கி பணத்தைத் திருப்பித் தந்தது, இப்போது கடனில் தவணை பாக்கி காட்டுகிறது

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய நிலை. நடந்தது இப்படி இருக்கும்: நீங்கள் பழைய வங்கியில் புகார் செய்தீர்கள், அவர்கள் பழைய கணக்குப் பற்றைத் திருப்பிவிட்டார்கள். கடன் நிறுவனத்தின் கணக்கிலோ அந்த மாதத் தவணையாகப் பதிவாகியிருந்தது பழைய கணக்கிலிருந்து வந்த தொகைதான். புதிய கணக்கிலிருந்து வந்தது அசலில் கழிந்திருந்தது. திருப்பியதும் அந்த மாதத் தவணைக்கு எதிரே பூஜ்யம். தாமதக் கட்டணம் விழும், நினைவூட்டல் வரும்.

இதே சிக்கலின் இன்னொரு வடிவம், இரண்டு பக்கமும் திருப்பித் தருவது. ஒரே பற்றுக்கு வங்கியும் கொடுக்கும், கடன் நிறுவனமும் கொடுக்கும். அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனின் டைரக்ட் டெபிட் உத்தரவாதம் தவறான பற்றுக்கு முழுத் தொகையையும் உடனே வங்கியிடமிருந்து பெறும் உரிமையைத் தருகிறது. உரிமையில்லாத தொகை வந்திருந்தால், நிறுவனம் கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்றும் அதே உத்தரவாதம் சொல்கிறது.

சரிசெய்ய: கடன் நிறுவனத்துக்கு எழுதி, புதிய கணக்கிலிருந்து வந்த தொகையை அது வந்த தேதியிலேயே அந்த மாதத் தவணையாக மாற்றிப் பதியும்படி கேளுங்கள். ‘வந்த தேதியிலேயே’ என்ற சொற்கள் முக்கியம். இன்றைய தேதியில் பதிந்தால் தாமதம் தாமதமாகவே நிற்கும். தாமதக் கட்டணத்தை நீக்கவும், கிரெடிட் நிறுவனங்களுக்குத் தவறிய தவணையாக அனுப்பியிருந்தால் திருத்தி அனுப்பவும் அதே கடிதத்தில் கேளுங்கள். இந்தியாவில் கிரெடிட் அறிக்கைத் திருத்தத்துக்கு 30 நாள் கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அமெரிக்காவில் பிழை அறிவிப்புக் கடிதம் கிடைத்த பிறகு 60 நாள் வரை, அந்தத் தவணை தொடர்பான பாதகத் தகவலைக் கடன் சேவை நிறுவனம் (கடன் கணக்கை நிர்வகித்துத் தவணை வசூலிப்பவர்) கிரெடிட் நிறுவனங்களுக்கு அனுப்பக் கூடாது.

இந்த நிலை வராமல் இருக்க வழி, ஒரு பக்கம் மட்டும் கேட்பது. என் வரிசை இதுதான்: முதலில் கடன் நிறுவனம். அவர்கள் மறுத்தாலோ இழுத்தடித்தாலோதான் வங்கி. ரத்து செய்த பிறகும் இழுத்த பணம் என்றால் மட்டும் நேரே வங்கிக்குப் போகலாம், அங்கே தவறு தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவில் வங்கிக்குப் போக வேண்டியிருந்தால், பிழை இருக்கும் ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். கடன் நிறுவனத்துக்காகக் காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இது போதும்:

“என் கடன் எண் ____. ____ மாதத் தவணை இரண்டு முறை செலுத்தப்பட்டுள்ளது. முதலாவது: ____ தேதி, ____ என முடியும் பழைய கணக்கு, தொகை ____, பரிவர்த்தனை எண் ____. இரண்டாவது: ____ தேதி, ____ என முடியும் புதிய கணக்கு, தொகை ____, பரிவர்த்தனை எண் ____. இரண்டாவதை இம்மாதத் தவணையாக, அது வந்து சேர்ந்த தேதியிலேயே பதிவு செய்யுங்கள். முதலாவதை என் புதிய கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். பழைய கணக்கின் மீதுள்ள ____ எண் மேண்டேட்டை ரத்து செய்து, ரத்தான தேதியைத் தெரிவியுங்கள். இந்தப் பற்றுகளுக்கு எதிராக எந்த வங்கியிலும் நான் தனியாகப் பணம் திரும்பக் கேட்கவில்லை.”

கடைசி வரி இருந்தால் அவர்கள் தயங்காமல் பணத்தை விடுவிப்பார்கள். இரட்டிப்பாகத் திருப்பித் தந்துவிடுவோமோ என்ற கவலைதான் பல இடங்களில் தாமதத்துக்குக் காரணம். எழுதிவிட்டு வங்கியிலும் போய்க் கேட்காதீர்கள்.

அறிகுறி: நிறுத்தியாயிற்று, ஆனாலும் அடுத்த மாதம் மறுபடி போயிற்று

வங்கியில் நீங்கள் போட்டது எந்த வகைத் தடை என்று பாருங்கள். ஒரு தடவைக்கு மட்டுமான ஸ்டாப் பேமெண்ட் அந்த ஒரு பற்றோடு முடிந்துவிடும். தொகையை வைத்துப் போட்ட தடை, தொகை கொஞ்சம் மாறினாலே ஏமாந்துவிடும். வட்டியோ எஸ்க்ரோவோ (வீட்டு வரி, காப்பீட்டுக்காகத் தவணையோடு சேர்த்து வாங்கும் தொகை) மாறித் தவணை 30,000இலிருந்து 30,140 ஆனால், 30,000க்குப் போட்ட தடை அதைப் பிடிக்காது. மேண்டேட் எண்ணை வைத்து, இனி வரும் எல்லாப் பற்றுக்கும் என்று தெளிவாகச் சொல்லித் தடை போட வேண்டும். கடன் நிறுவனத்துக்கும் அனுமதியைத் திரும்பப் பெறுவதாகத் தனியே எழுத வேண்டும்.

‘பழைய கணக்கைக் காலியாக வைத்துவிட்டால் பவுன்ஸ் ஆகிவிடும், தொல்லை விட்டது’ என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். பவுன்ஸ் கட்டணம் விழும், மறுபடி மறுபடி வரும். இந்தியாவில், பணம் போதாமல் மின்னணுப் பற்று திரும்புவதும், காசோலை திரும்புவதைப் போலவே, 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 25ஆம் பிரிவின் கீழ் குற்றமாகக் கருதப்படக் கூடும். தவணையை வேறு வழியில் கட்டிவிட்டவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? ரத்து செய்வதே நேர்வழி.

அறிகுறி: யாரும் பதில் சொல்லவில்லை

போனில் பேசியதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதற்குச் சான்று இருக்கும். இந்தியாவில் 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். பிரிட்டனில் 8 வாரம் பொறுக்க வேண்டும். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்துவிட்டால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்புச் சேவைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் பிழை அறிவிப்புக்குக் கடன் சேவை நிறுவனம் 5 வேலை நாளில் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், பொதுவாக 30 வேலை நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கடிதத்தைத் தவணை அனுப்பும் முகவரிக்கு அனுப்பாதீர்கள். பிழை அறிவிப்புக்கென்று நிறுவனம் தனி முகவரி குறித்திருந்தால் அங்கே போனால்தான் செல்லும்.

இரட்டைப் பற்றினால் வங்கியில் ஓவர்டிராஃப்ட் கட்டணமோ, வேறு பவுன்ஸ் கட்டணமோ விழுந்திருந்தால் அவற்றையும் வரி வரியாகப் புகாரில் சேருங்கள். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

பழைய கணக்கை எப்போது மூடுவது

பணம் திரும்பி வந்த கையோடு மூட வேண்டாம். சில நிறுவனங்கள் எந்தக் கணக்கிலிருந்து இழுத்தார்களோ அந்தக் கணக்குக்கே திருப்பி அனுப்பும். கணக்கு மூடியிருந்தால் அந்தப் பணம் மறுபடி சஸ்பென்ஸுக்குத்தான் போகும். பழைய கணக்கில் கொஞ்சம் பணம் விட்டு வையுங்கள். ஒரு முழுத் தவணைச் சுற்று, முடிந்தால் இரண்டு, புதிய கணக்கிலிருந்து மட்டும் போகிறதா என்று பாருங்கள். வங்கியில் நடப்பிலுள்ள மேண்டேட் பட்டியலை எடுத்து, கடன் நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். காப்பீடு, மின்கட்டணம் போன்ற மற்ற பற்றுகளும் அதே பட்டியலில் இருக்கும். அவற்றையும் நகர்த்திவிட்டு மூடல் விண்ணப்பத்தைக் கொடுங்கள். மூடியதற்கான கடிதத்தை வாங்கி, மூன்று ஸ்டேட்மெண்டுகளோடும் ரத்து ரசீதோடும் சேர்த்து வீட்டுக்கடன் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.